ஒதுக்குச் செட்டு

நாகல் நகர், திண்டுக்கல்
6 ஆகஸ்ட் 2025

அடியே லிடியா,

நல்லா இருக்கியா? நான் இருக்கேன். உன் லெட்டர் வந்து பல நாளாச்சு, பதில் போடலைன்னு திட்டாத. முதல்ல உங்க சிஸ்டருக்கு ஒரு வணக்கம் வச்சுக்கிறேன். மடத்துக்கு வர்ற லெட்டரை எல்லாம் அவங்கதான் முதல்ல பிரிச்சுப் படிப்பாங்கன்னு எழுதியிருந்தீல்ல? வணக்கம் சிஸ்டர். கெட்ட வார்த்தை எதுவும் இருக்காது, முடிஞ்ச வரைக்கும்.

ஒடிசாவுல ஒரே மழைன்னு எழுதியிருந்த. இங்க ஆடிக் காத்து. வாயத் தொறந்தா மண்ணு. போன்ல ரெண்டு நிமிஷத்துல முடியுற சங்கதியை இப்படி உக்காந்து எழுத வச்சுட்டியேன்னுதான் எனக்குக் கோவம். ஏண்டி, சாமிக்கு போன் பிடிக்காதா?

சேதி என்னன்னா, மாமாவுக்கு முதுகுல டிஸ்க் நகண்டுருச்சு. எங்க வேலுசாமி மாமாதான், பந்தல் கடை. ஷாமியானா பைப்பைத் தூக்கக் குனிஞ்ச மனுசன் குனிஞ்சபடியே நின்னுட்டாரு. நாலு பேரு சேந்து அப்படியே தூக்கி வண்டியில வச்சோம். சிரிக்கக் கூடாது, ஆனா சிரிச்சுட்டேன். டாக்டர் அசையக் கூடாதுன்னுட்டாரு. இப்ப கடை என் கையில. காலேஜைப் பாதியில விட்டவ, துணிக்கடையில நிக்கல, டைப்பிங் கிளாஸ்ல நிக்கலன்னு என்னை எல்லாரும் கேலி பேசுவாங்கல்ல, இப்ப வந்து பாக்கச் சொல்லு.

ஆடி முடியட்டும்னு காத்துக் கிடந்த சனம் பூரா ஆவணியில ஒரே நேரத்துல கல்யாணம் பண்ணுது. பந்தலு, சேரு, சவுண்டு, சீரியல் லைட்டு, ஜெனரேட்டரு. போன் கீழ வைக்க விட மாட்டேங்குது. மாமா எல்லாத்தையும் மண்டைக்குள்ள வச்சிருந்தாரு. நான் ஒரு வெள்ளை போர்டு வாங்கி மாட்டிட்டேன். போன் வந்தா உடனே எழுதிருவேன். முடிஞ்சா டிக். டிக் அடிச்சதும் தலை லேசாகும் பாரு, அம்புட்டு சுகம். யாரு கேட்டாலும் முதல்ல "ஆகட்டும்ணே"ன்னு சொல்லிடுறது, எப்படிங்கிறதை அப்புறம் யோசிக்கிறது. இதான் என் டெக்னிக். வண்டி ஓட்டுற அய்யனார் அண்ணன் இருக்காருல்ல, அவரு சொல்றாரு, "பாப்பா, நீ வாயால பந்தல் போட்டுட்டுப் போயிருற, நாங்கதான் கையால போட வேண்டியிருக்கு"ன்னு.

ஒரே ஒரு விஷயத்துலதான் மாமாவுக்கும் எனக்கும் சண்டை. கடை மூலையில ஒரு சின்னப் பந்தலு, அம்பது சேரு, ஒரு ஜெனரேட்டரு, பொணத்தை வைக்கிற பிரீசர் பெட்டி, எல்லாம் தனியாக் கெடக்கு. ஒதுக்குச் செட்டுன்னு பேரு. எழவு வீட்டுக்கு மட்டும்தான் போகும். எம்புட்டுப் பெரிய முகூர்த்தம் வந்தாலும் அதுல ஒரு சேரைத் தொட விட மாட்டாரு. "கல்யாணக்காரன் ஒரு மாசம் முன்னாடியே வந்து நிப்பான். எழவு வீட்டுக்காரன் அன்னைக்குத்தான் வருவான். அவனை வேற கடைக்குப் போகச் சொல்ற கடை எனக்கு வேண்டாம்"ங்கிறாரு படுத்துக்கிட்டே. நல்ல ஜெனரேட்டரு சும்மா தூங்குது. என்னத்தைச் சொல்ல.

சரி, போன் அடிக்குது. வைக்கிறேன்.

உன்
பாண்டிச்செல்வி


14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாண்டிக்கு,

உன் கடிதத்தை சிஸ்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். மாமாவுக்காக ஜெபிக்கிறேன். அவர் குனிந்தபடி நின்றதை நினைத்து கோவிலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம் உன் தலையில்தான்.

உன் போர்டைப் பற்றிப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. இங்கே மணி அடித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட வேண்டும். தாழ்வாரம் பாதி கூட்டியிருப்பேன், மணி அடிக்கும், குவித்த குப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். முதலில் அழுகையே வந்தது. அந்தக் குப்பை என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். "குப்பை எங்கேயும் போகாது, நீ போ" என்பார்கள் சிஸ்டர். இப்போது பழகிவிட்டது. எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளாமல் தூங்கப் பழகிவிட்டேன். நீ ஒரு நாள் தாங்க மாட்டாய்.

பாண்டி, உன்னிடம் ஒரு உதவி. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு வீட்டோடு பேச ஐந்து நிமிடம் தருவார்கள். போன ஞாயிறு அப்பா பேசினார். "நல்லா இருக்கேன் தாயி, நீ சாப்ட்டியா" என்றார். அவ்வளவுதான். உடனே அம்மா போனை வாங்கிக்கொண்டார்கள். "ஒண்ணுமில்லடி, சளி" என்கிறார்கள். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. அப்பா போனில் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆட்டோவில் முன்சீட்டில் இரண்டு பக்கமும் நம்மை உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வாய் மூடாத மனிதர்.

நீ ஒரு தடவை வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாயா? சாணார்பட்டி பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான். பார்த்ததை அப்படியே எழுது. மோசமாக இருந்தால் சிஸ்டரிடம் விடுப்பு கேட்பேன். தருவார்கள். ஆனால் கன்னியாஸ்திரி ஆகப் பயிற்சி எடுக்கிற இந்த நவகன்னியர் வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும். வெறும் பயத்துக்குக் கேட்டு அதை வீணாக்கவும் மனமில்லை. வீட்டில் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நீ சொல்வாய். உனக்குத்தான் எதையும் பூசி மெழுகத் தெரியாதே.

ஜெபங்களுடன்,
லிடியா


நாகல் நகர்
24 ஆகஸ்ட் 2025

லிடியா,

அவசரமா எழுதுறேன். இந்த வாரம் பூரா முகூர்த்தம். எனக்குத் தொண்டையே இல்ல.

நேத்து உங்க வீட்டுக்குப் போனேன். அப்பா நல்லா இருக்காரு. சளிதான். கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கு, வேற ஒண்ணுமில்ல. என்னைப் பாத்ததும் "என்ன முதலாளியம்மா, பந்தல் எல்லாம் நிக்குதா"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. வேணாம் வேணாம்னேன், கேக்காம உங்க வீட்டு மரத்துல ரெண்டு கொய்யா பறிச்சுக் குடுத்தாரு. பஸ்ஸுல தின்னுக்கிட்டே வந்தேன். நீ பயப்படாத. லீவை வீணாக்காத.

அய்யனார் அண்ணன் கத்துறாரு. போறேன்.

பாண்டி


2 செப்டம்பர் 2025

அன்புள்ள பாண்டி,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா இறந்துவிட்டார்.

மதியம் போன் வந்தது. சிஸ்டர் உடனே ரயில் டிக்கெட் எடுக்க ஆள் அனுப்பினார்கள். பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மறுபடி போன். அன்றைக்கு ஊரில் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்ட் நிறுத்திவிட்டார்களாம். பெட்டியில் வைக்க ஜெனரேட்டர் தேடியிருக்கிறார்கள், எங்கேயும் கிடைக்கவில்லையாம், முகூர்த்த நாள். வெயிலில் வைத்திருக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொல்ல, சாயங்காலமே அடக்கம் பண்ணிவிட்டார்கள். இங்கிருந்து வர இரண்டு நாள் பயணம். "இப்பப் போறியாம்மா, இல்ல அம்மாவுக்குத் தேவைப்படுறப்ப போறியா? நீயே சொல்லு" என்று சிஸ்டர் கேட்டார்கள். எடுத்து வைத்த துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது.

பாண்டி, அந்த ஒரு பக்கம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பாவைக் கடைசியாகப் பார்த்து எழுதியவள் நீதான். நான் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. கண்ணை மூடினால் வேறு எதுவும் வரவில்லை, நீ எழுதிய அந்தச் சிரிப்புதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஜெபமாலை சொல்கிறேன்.

நேரம் கிடைக்கும்போது இன்னும் கொஞ்சம் எழுது. எந்தச் சட்டை போட்டிருந்தார்? கொய்யா பறிக்கக் கையைத் தூக்க முடிந்ததா, இல்லை தொரட்டி வைத்துப் பறித்தாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? சின்னதாக இருந்தாலும் எழுது.

நீ போய்ப் பார்த்தாயே. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

லிடியா


நாகல் நகர்
9 செப்டம்பர் 2025

லிடியா,

அப்பா சேதி அன்னைக்கே தெரியும். என்ன எழுதுறதுன்னு தெரியல. ரொம்ப நல்ல மனுசன். அம்மாவை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. நீ தைரியமா இரு, நேரத்துக்குச் சாப்பிடு.

கடையில வேலை சாஸ்தி. நீ கேட்டதை அப்புறம் எழுதுறேன்.

பாண்டி


16 செப்டம்பர் 2025

அன்புள்ள பாண்டி,

உன் சின்னக் கடிதம் கிடைத்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வேலை என்று புரிகிறது. ஆனாலும் கொஞ்சம் வருத்தம்தான். தபால் வரும் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கே எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

இன்னொரு கவலை. போன ஞாயிறு அம்மாவிடம் பேசினேன். "பாண்டி வந்து அப்பாவைப் பார்த்தாளாமே, நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டேன். "யாரு, பாண்டியா? இங்க யாரும் வரலையேடி" என்றார்கள். "வந்தாம்மா, யோசிச்சுப் பாருங்க" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றார்கள், குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா போன அதிர்ச்சியில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்துபோனவளையே மறந்துவிட்டார்கள் என்றால் அடுப்பை அணைக்க மறக்க மாட்டார்களா? தனியாக இருக்கிறார்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லி பக்கத்து வீட்டு இருதயநாதன் சித்தப்பாவுக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

லிடியா


நாகல் நகர்
22 செப்டம்பர் 2025

லிடியா,

சித்தப்பாவுக்கு எழுதாத. உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அவங்க சொன்னதுதான் நெசம். நான் வரல.

இதை உங்க சிஸ்டர் முதல்ல படிப்பாங்க. படிக்கட்டும்.

நான் உங்க வீட்டுக்குப் போகவே இல்லடி. அப்பாவைப் பாக்கல. அவரு சிரிக்கல. எந்தச் சட்டைன்னு எனக்குத் தெரியாது. நாம ஒம்பதாவது படிக்கிறப்ப ஆட்டோவை நிறுத்திட்டு கொய்யா பறிச்சுக் குடுப்பாருல்ல, அதை எடுத்து இதுல போட்டேன். "முதலாளியம்மா"ன்னு அவரு கூப்பிடல, நானா எனக்கு வச்சுக்கிட்ட பேரு.

ஏன் அப்படிப் பண்ணேன்னு கேட்டா, சொல்றதுக்கு ஒரு காரணமும் உருப்படியா இல்ல. உன் லெட்டர் வந்தன்னைக்கே போர்டுல எழுதுனேன். "லிடியா அப்பா"ன்னு. மேல ஒரு நிச்சயதார்த்தம், கீழ ஒரு காதுகுத்து, நடுவுல அவரு. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சாணார்பட்டி வழியாவே ரெண்டு தடவை லோடு ஏத்திக்கிட்டுப் போனோம். அய்யனார் அண்ணன் கேக்கவும் செஞ்சாரு, "உன் கூட்டாளி ஊரு இதானே, இறங்கிப் பாத்துட்டு வர்றியா"ன்னு. "வரும்போது பாத்துக்கலாம்ணே"ன்னேன். வரும்போது தூங்கிட்டேன்.

மத்த வரியெல்லாம் ஒண்ணு ஒண்ணா டிக் ஆகிக்கிட்டே வருது, இது மட்டும் அப்படியே நிக்குது. போர்டைப் பாக்குறப்ப எல்லாம் எரிச்சல். உன்மேல கூட எரிச்சல் வந்துச்சு, இவ வேற இந்த நேரத்துலன்னு. அடுக்கி வச்ச சேரு மேல உக்காந்து, போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டே அந்த லெட்டரை எழுதுனேன். மேட்டுப்பட்டிக்காரரு ஒருத்தரு வாழைமரம் எத்தனைன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு, நான் கொய்யாவை எழுதிக்கிட்டு இருக்கேன். தபால் பெட்டியில போட்டுட்டு வந்து டிக் அடிச்சேன். தலை லேசாச்சுடி. நெசமாவே லேசாச்சு. அதை நெனச்சாத்தான் இப்ப என் மேலயே காறித் துப்பணும் போல இருக்கு.

இன்னும் இருக்கு. இதையும் எழுதலைன்னா இந்த லெட்டரும் பாதிப் பொய்யாயிரும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மூணு கல்யாணத்துக்கு ஆகட்டும்னு சொல்லியிருந்தேன். ரெண்டுக்குத்தான் ஜெனரேட்டர் இருந்துச்சு. மூணாவதுக்கு ஒதுக்குச் செட்டு ஜெனரேட்டரை அனுப்பிட்டேன். சேரையும் அனுப்பிட்டேன். மாமாகிட்டச் சொல்லல. ஒரு நாளுதான, சாயங்காலம் வந்துருமேன்னு. பிரீசர் பெட்டி மட்டும் மூலையில கெடந்துச்சு.

பத்தரை மணி இருக்கும், ஒரு ஆளு போன் பண்ணாரு. "எழவு வீடும்மா, பெட்டி கிடைச்சிருச்சு, கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் வேணும், சாணார்பட்டிப் பக்கம்"னாரு. அதுக்குள்ள கல்யாண வீட்டுல இருந்து இன்னொரு கால் வருது. மைக்கு வேலை செய்யலைன்னு நிக்கிறாங்க. "இல்லண்ணே, வேற கடை பாருங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன். யாரு வீடுன்னு கேக்கல.

எழவுன்னு போன் வந்தா எங்க கடையில முதல்ல கேக்குறதே "யாரு, எந்த ஊரு"ங்கிறதுதான். சாமான் இருக்கா இல்லையாங்கிறது அதுக்கு அப்புறம். மாமா அப்படித்தான் பழக்கியிருக்காரு. நான் கேக்கல.

அய்யனார் அண்ணன் சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு வந்து சொன்னாரு, "ஆட்டோக்கார ஸ்தனிஸ்லாஸ் போயிட்டாராம் பாப்பா, உன் கூட்டாளியோட அப்பா, இப்பத்தான் தூக்கிட்டுப் போறாங்க, வழியில பாத்தேன்"னு. நான் அப்படியே போர்டைப் பாத்தேன். டிக் அடிச்சிருந்துச்சு.

மறுநாள் காலையில மாமாவுக்குத் தெரிஞ்சு, பெல்ட்டைக் கட்டிக்கிட்டு செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சுக் கடைக்கு வந்தாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். "யாரு வீடுன்னு கேட்டியா?"ன்னாரு. இல்லைன்னேன். மூலையில போய் அந்தப் பெட்டிப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. அன்னைக்குப் பூரா எழவு போனை அவருதான் எடுத்தாரு.

நான் அடக்கத்துக்கும் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

நீ அந்தச் சிரிப்பை வச்சு ஜெபம் பண்றேன்னு எழுதுனதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. சும்மா விட்டுரலாம், இருக்கிற ஒண்ணையும் ஏன் பிடுங்கணும்னுதான் முதல்ல அந்தச் சின்ன லெட்டரைப் போட்டேன். ஆனா உங்கம்மாவைப் பைத்தியம்னு நெனைக்க ஆரம்பிச்சுட்ட. அதுக்கு மேல என்னால முடியல.

மன்னிச்சுருன்னு கேக்கக் கூட வாய் வரல.

பாண்டிச்செல்வி


30 செப்டம்பர் 2025

பாண்டி,

சிஸ்டர் உன் லெட்டரைக் குடுத்துட்டு எழுந்து போகாம என் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. அதுலயே தெரிஞ்சு போச்சு.

அம்மாவுக்குப் புத்தி தெளியணும்னு ரெண்டு வாரமா ஜெபம் பண்ணேன். நல்லா இருக்கிற அம்மாவுக்கு. உன்னைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லடி. அம்மா ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு சொல்ற, நான் உன்னை நம்புனேன்.

ஜெனரேட்டருக்கு நீ அழ வேணாம். அது கடை. கூப்பிட்டது யாருன்னு உனக்குத் தெரியாது. அதை நான் உன் தலையில போடல.

ஆனா என் லெட்டர் கிடைச்சதுமே "நேரமில்ல, போகல"ன்னு எழுதியிருக்கலாம்ல. ரெண்டு வார்த்தை. அம்புட்டுதான் வேணும் எனக்கு. அது இங்க வந்தன்னைக்கே லீவு கேட்டிருப்பேன். ரயில் ஏறியிருப்பேன். அப்பா உசுரோட இருந்தாரு பாண்டி, உன் லெட்டர் இங்க வர்ற வழியில இருக்கும்போது.

இங்க மன்னிக்கத்தான் சொல்லித் தர்றாங்க. மன்னிச்சேன்னு எழுதிடலாம், ஒரு வரி. எழுதுனா நீ உன் போர்டுல டிக் அடிச்ச மாதிரி ஆயிரும். அதான் எழுதல.

இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். பதில் போட வேணாம்.

லிடியா


நாகல் நகர்
3 நவம்பர் 2025

லிடியா,

பதில் போட வேணாம்னு சொன்ன. இது பதில் இல்ல. நீ கேக்கல, நானாத்தான் போனேன். பிரிக்காம வச்சுக்கிட்டாலும் சரி.

நேத்து கல்லறைத் திருநாள். கடையில ஒரு வீட்டு விசேஷத்துக்கு சவுண்டு கேட்டாங்க, முடியாதுன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தை என் வாயில வர்றதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. மாமா நிமிந்து பாத்தாரு. பஸ்ஸுலதான் போனேன். இந்தத் தடவை பாத்ததை மட்டும் எழுதுறேன்.

உங்கம்மா வாசல்ல சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. மெலிஞ்சிருக்காங்க. தலை வாரியிருந்தாங்க. என்னைப் பாத்துட்டு "யாரு?"ன்னாங்க.

"பாண்டிம்மா. பந்தக் கடைப் பாண்டி."

இன்னும் நாலு வெங்காயம் உரிச்சாங்க. அப்புறம், "இன்னைக்கு வந்திருக்கியா, இல்ல இதுவும் எழுதுனதுதானா?"ன்னாங்க. நீ போன்ல எல்லாத்தையும் சொல்லியிருப்ப போல, நல்லாத்தான் கேட்டாங்க. புத்தி எல்லாம் அவங்களுக்குத் தெளிவாத்தான் இருக்கு.

"அவ போன்ல அம்புட்டு உறுதியாக் கேக்குறா. எனக்குத்தான் மண்டை கெட்டுப் போச்சோன்னு ரெண்டு நாளு உறக்கமில்ல. இந்தா, இருதயநாதங்கிட்டப் போயி, ஏப்பா, அப்படி ஒரு புள்ள வந்துச்சான்னு கேட்டேன். இந்த வயசுல என்னை அப்படிக் கேக்க வச்சுட்டியேடி"ன்னாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். உக்காரச் சொல்லல, நானும் உக்காரல.

அந்த நேரம் இருதயநாதன் வாளியும் சுண்ணாம்புமா வந்தாரு, கல்லறைக்குப் போக. நான் வணக்கம் சொன்னேன். அவரு என்னையே பாத்துட்டு, "நீதான 'வேற கடை பாருங்க'ன்ன புள்ள? கொரலு தெரியுது"ன்னாரு. "ஆமாண்ணே"ன்னேன். "அன்னைக்கு ஏழு கடைக்குப் போன் போட்டேம்மா. மத்த ஆறு பேரும் யாரு தவறுனதுன்னாவது கேட்டாங்க"ன்னாரு. கோவமாச் சொல்லல. அதான் தாங்கல.

வாளியை அவரு கையில இருந்து வாங்கிக்கிட்டேன். அவரு விட்டுட்டாரு.

கல்லறைத் தோட்டத்துல ஊரே இருந்துச்சு. உங்கப்பாவோடது கிழக்கு ஓரம், வேலிக்குப் பக்கத்துல. இன்னும் கட்டல, மண்ணுதான். மரச் சிலுவை, பேரு கறுப்பு பெயிண்ட்ல. மழையில ஒரு பக்கம் மண்ணு இறங்கியிருந்துச்சு, அதை ஏத்தி விட்டு, சுத்தி வச்சிருந்த கல்லுக்கு எல்லாம் சுண்ணாம்பு அடிச்சேன். உங்கம்மா செவந்திப் பூவை உதிர்த்துப் போட்டாங்க. மெழுகுவர்த்தி காத்துல நிக்கல, மூணு தடவை ஏத்துனோம், அப்புறம் இருதயநாதன் ஒரு கொட்டாங்குச்சியை மறைப்பா வச்சாரு. சாமியார் வந்து மந்திரிச்சு தண்ணி தெளிச்சாரு. நான் எதுவும் வேண்டல. எனக்கு வேண்டத் தெரியாது. கையில சுண்ணாம்பு காஞ்சு வெடிச்சுப் போச்சு.

வீட்டுக்குத் திரும்பி வந்தப்ப கை கழுவப் பின்னாடி போனேன். கொய்யா மரம் இல்லடி. அடிக்கட்டை மட்டும் இருக்கு, அது மேல துணி துவைக்கிற சோப்பு. உங்கம்மாகிட்டக் கேட்டேன். போன வருஷம் ஆடிக் காத்துல விழுந்துருச்சாம். "அவகிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு, அந்த மரம்னா அவளுக்கு உசுரு"ன்னாங்க. உனக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு நெனச்சதை நான் சொல்லிட்டேன். சொல்லலாமா கூடாதான்னு பஸ்ஸு பூரா யோசிச்சேன். ஆனா பாத்ததை எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன். இல்லாத மரத்துல இருந்து உனக்கு ரெண்டு பழம் குடுத்தவ நான்.

கெளம்புறப்ப உங்கம்மா ஒரு டம்ளர்ல வரக்காப்பி குடுத்தாங்க. உக்காருன்னு அப்பத்தான் சொன்னாங்க. அப்பாவைப் பத்தி நான் கேக்கல, எனக்கு அந்த உரிமை இல்ல. அவங்களாத்தான் சொன்னாங்க.

ஆனியில இருந்தே அவருக்குப் பேச முடியலையாம். ரெண்டு வார்த்தை பேசுனா இருமல், மூச்சு வாங்குமாம். உனக்குத் தெரிஞ்சா ஓடி வந்துருவன்னு மறைச்சிருக்காங்க. நீ போன் பண்ற ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சதுல இருந்து அவரு யாருகிட்டயும் பேச மாட்டாராம். தண்ணி வேணும்னாலும் கையால காட்டுவாராம். உங்கம்மா எதுனா கேட்டா உதட்டுல விரல் வச்சுருவாராம். "கொரலைச் சேத்து வைக்கிறாராம், மவளுக்கு"ன்னாங்க. சுடுதண்ணி குடிச்சுட்டு, தலகாணிய முதுகுக்கு வச்சு நிமிந்து உக்காந்துக்குவாராம். போன் வந்ததும் "நல்லா இருக்கேன் தாயி, நீ சாப்ட்டியா"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, இருமல் வர்றதுக்குள்ள போனை உங்கம்மா கையில குடுத்துருவாராம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சந்தோசமா இருப்பாராம்.

சிரிச்சாரான்னு எனக்குத் தெரியாது. இதுல ஒண்ணையும் நான் பாக்கல. உங்கம்மா சொன்னது. அவங்க சொன்னதுன்னே எழுதுறேன்.

உங்கம்மா போட்ட காப்பியில சீனி இல்ல. அவங்களுக்கு மறந்துருச்சா, இல்ல எனக்குன்னு போடலையான்னு கேக்கல.

வர்ற ஞாயித்துக்கிழமை உனக்குப் போன் நாள்னு சொன்னாங்க. அன்னைக்குக் கடையில ரெண்டு ஆர்டர் இருக்கு. முடிச்சுட்டு சாணார்பட்டி பஸ் ஏறணும்னு நெனைக்கிறேன். போனா, பாத்ததை எழுதுறேன். போகலைன்னா, போகலைன்னு எழுதுறேன்.

பாண்டிச்செல்வி